சிக்கனமும் நேர்த்தியும்: சிறு கடைகளின் பொட்டலங்கள்

(சிறு வணிகர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் சில்லறை வணிகத்தில் பெரும் பகுதி இன்றும் சிறு கடைகளின் கையிலேயே இருந்து வருகிறது. மளிகைக் கடை, இனிப்புக் கடை, துணிக் கடை, நாட்டு மருந்துக் கடை என ஊருக்கு ஊர் பரந்து கிடக்கும் இக்கடைகள் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆயினும் இவற்றின் பக்கத்திலேயே குளிரூட்டப்பட்ட பெரிய அங்காடிகள் எழும்பிவிட்டன. அலைபேசியில் கேட்டால் சரக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அங்கெல்லாம் பருப்பும் மிளகாய்த் தூளும் எடை, விலை, தேதி ஆகியவை அச்சிடப்பெற்ற உறைகளில் வருகின்றன. சிறு கடையிலோ, அதற்குச் சற்றும் குறையாத பருப்பு, மெல்லிய பாலிதீன் பையில் ரப்பர் வளையம் சுற்றப்பட்டு மூலையில் கிடக்கிறது. வாங்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது பையே. பருப்பின் தரம் சமைத்த பிறகுதான் தெரிய வரும்.

இந்நிலையைக் கண்ட சிறு வணிகர்கள் இரு வகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார், நல்ல உறை என்பது பெரிய நிறுவனங்களுக்கே உரிய ஆடம்பரம் என்று ஒதுங்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், பல வண்ண அச்சில் ஆயிரக்கணக்கான உறைகளை ஒரே முறையில் வாங்கி, முதலை அதில் முடக்கிவிட்டு வருந்துகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. அவ்வழியை எளிய கணக்குகளோடு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பழைய முறைகளில் இருந்த அறிவு

பொட்டலம் கட்டுதல் இந்நாட்டுக்குப் புதியதன்று. தேக்கிலை, வாழையிலை, தாமரை இலை ஆகியவற்றில் பொருள்களை மடித்துத் தரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் காட்டோரச் சிற்றூர்ப் பெண்கள் சால் மரத்து இலைகளைத் தைத்துத் தட்டும் தொன்னையும் செய்கின்றனர். கருநாடகத்தில் பாக்கு மட்டைத் தட்டுகள் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளன. கொல்கத்தாவின் இனிப்புத் தயிர் மண்கலத்தில் விற்கப்படுகிறது. நுண்துளைகள் கொண்ட அக்கலம் தயிரின் மிகுதியான நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாகிறது. அங்கே கலம் வெறும் ஏனமாக நில்லாமல் பண்டத்தின் தரத்திலும் பங்கு கொள்கிறது. பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ற உறையைத் தேர்ந்தெடுத்த முன்னோரின் அறிவுக்கு இவை சான்று.

பிற்காலத்தில் மலிவு ஒன்றையே கருதிச் செய்தித்தாள் பொட்டலம் பரவியது. அச்சு மையில் உள்ள சாயங்களும் பிற வேதிப் பொருள்களும் எண்ணெயும் சூடும் பட்டால் உணவில் கலக்கக் கூடும். பஜ்ஜியையும் வடையையும் செய்தித்தாளில் வைத்து எண்ணெயைப் பிழியும் வழக்கம் ஆகவே தீங்கானது. இதுபற்றி உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் உணவைச் சுற்றவும் வைக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்தலாகாது எனத் தெளிவாகக் கூறுகின்றன. அச்சிடப்படாத வெள்ளைத் தாளோ, எண்ணெய் ஊறாத உணவுத் தாளோ சில காசுகளே கூடுதலாகும்.

பொருளை அறிந்து உறையைத் தேர்தல்

உறைக்கு மூன்று கடமைகள் உண்டு. உள்ளிருக்கும் பொருளைக் காத்தல் முதலாவது. குறித்த அளவைக் குறையாமல் கொண்டு சேர்த்தல் இரண்டாவது. பொருளைப் பற்றிய செய்தியை உள்ளபடி கூறுதல் மூன்றாவது. அழகு இம்மூன்றுக்கும் பின்னரே வருவது. ஆகவே எந்த உறை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னர், இப்பொருள் எதனால் கெடுகிறது என்று கேட்பது முறை.

உப்பும் வெல்லமும் காற்றின் ஈரத்தால் கசிகின்றன. அப்பளம் ஈரம் ஏறினால் நமத்துப் போகும். மிகவும் உலர்ந்தால் நொறுங்கிவிடும். மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் வெளிச்சத்தில் நிறம் மங்குகின்றன, மணமும் குறைகின்றன. முறுக்கு, காராச்சேவு போன்ற எண்ணெய்ப் பண்டங்களில் காற்றும் ஒளியும் சேர்ந்து சிக்கு வாடையை உண்டாக்குகின்றன. தேயிலை அருகில் உள்ள பொருளின் மணத்தை ஈர்த்துக்கொள்ளும். சோப்பு அடுக்கிய அலமாரியில் திறந்த தேயிலையை வைப்பவர் இரண்டையும் சேர்த்தே விற்க நேரிடும். பசுங்காய்கள் பறித்த பின்னும் மூச்சு விடுகின்றன. துளையில்லாத பையில் அவற்றை அடைத்தால் வியர்த்து அழுகும்.

இவ்வேறுபாடுகளை மனத்திற்கொண்டால் தேர்வு எளிதாகும். அரிசி, பருப்பு, பயறு ஆகியவற்றுக்குச் சற்றுக் கனமான, ஒளி ஊடுருவும் பாலிதீன் பை போதும். ஆனால் வண்டு மெல்லிய பாலிதீனைத் துளைக்க வல்லது. ஆதலால் தானியத்தை நன்கு உலர்த்திச் சலித்த பிறகே அடைத்தல் வேண்டும். மசாலாத் தூளுக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் இரண்டு படலங்கள் ஒட்டிய உறையோ, உட்புறம் வெள்ளி போல் மின்னும் உலோகப் பூச்சுள்ள உறையோ தக்கது. ஊறுகாயின் புளிப்பும் உப்பும் கண்ணாடியை அரிப்பதில்லை. எனினும் கண்ணாடி கனமானது, உடையக் கூடியது. உள்ளூரில் விற்பவருக்கு அது சிறந்தது; தொலைவுக்கு அனுப்புபவர் நன்கு யோசிக்க வேண்டும். பருத்தித் துணிக்குத் தூசு படாமல் ஒரு தாள் உறை போதும். அதற்குப் பளபளப்பான தடித்த பிளாஸ்டிக் உறை வாங்குவது வீண் செலவே.

விலை மலிவும் செலவு மலிவும்

பையின் விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். ஓர் எடுத்துக்காட்டு. கிலோ 150 ரூபாய் விலையுள்ள துவரம் பருப்பை அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டும் கடை ஒன்றைக் கொள்வோர் கணக்கு இவ்வாறு அமையும். மெல்லிய பை ஒன்று 1 ரூபாய்; கனமான பை ஒன்று 1 ரூபாய் 60 காசு. நூறு பொட்டலத்துக்கு மெல்லிய பையின் செலவு 100 ரூபாய். கனமான பையின் செலவு 160 ரூபாய். மெல்லிய பைகளில் நூற்றுக்கு இரண்டு கிழிந்து பருப்புத் தரையில் கொட்டினால் இழப்பு 150 ரூபாய். ஆக மெல்லிய பையின் உண்மையான செலவு 250 ரூபாய் ஆகிறது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் வழியில் பை கிழிந்தால் ஏற்படும் மனக்கசப்பு இக்கணக்கில் சேரவில்லை.

பையின் கனத்தை அறியக் கருவி ஏதும் வேண்டியதில்லை. கடைத் தராசே போதும். பாலிதீன் படலம் ஒரு சதுர மீட்டரில் 50 மைக்ரான் கனமாக இருந்தால் ஏறத்தாழ 46 கிராம் நிறுக்கும். 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பைக்கு இரு புறமும் சேர்த்து 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்பு. 50 மைக்ரான் கனமானால் அப்பை ஐந்தரை கிராம் இருக்கும். கிலோவுக்கு 180 பைகள் நிற்கும். 50 மைக்ரான் என்று சொல்லி விற்பவரின் பைகள் கிலோவுக்கு 250 நின்றால் அவற்றின் உண்மையான கனம் 36 மைக்ரான் அளவே. பைகளைக் கிலோக் கணக்கில் வாங்குவோர் எண்ணியும், எண்ணிக்கைக் கணக்கில் வாங்குவோர் நிறுத்தும் பார்க்கும் பழக்கம் கொள்ளுதல் நலம்.

அச்சிட்ட உறைகளைப் பற்றிய கணக்கும் இங்குக் கருதத் தக்கது. படல உறைகளில் பல வண்ணங்களை அச்சிடும்போது ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி உருளை செதுக்க வேண்டியுள்ளது. அச்செலவை ஈடுகட்டவே அச்சகத்தார் பெரிய அளவில் எடுக்கச் சொல்கின்றனர். ஒரு கடைக்காரர் 2 ரூபாய் வீதம் 10,000 அச்சிட்ட உறைகளை வாங்குகிறார் என்று கொண்டால் முடங்கும் முதல் 20,000 ரூபாய். மாதம் 300 பொட்டலங்கள் விற்பவருக்கு அவ்வுறைகள் தீர ஏறத்தாழ 33 மாதங்கள் ஆகும். அதற்குள் முகவரியோ, உரிம எண்ணோ, எடையோ மாறினால் எஞ்சியவை குப்பைக்கே போகும். மாறாக, ஒன்றரை ரூபாய்க்கு அச்சிடாத உறையும் 60 காசுக்கு ஒட்டும் லேபிளுமாக 1,000 மட்டும் வாங்கினால் உறைக்கு 10 காசு கூடுதலாகிறது. ஆனால் கையை விட்டுப் போகும் தொகை 2,100 ரூபாயே. சிறு முதல் உடையவருக்கு, ஓர் உறைக்கு 10 காசு மிச்சப்படுவதைவிடக் கையில் 17,900 ரூபாய் புழக்கத்தில் இருப்பது மேலானது. அத்தொகைக்குச் சரக்கு வாங்கலாம். கடனுக்கு வட்டி கட்டும் தேவை குறையும். விற்பனை மாதம் சில ஆயிரங்களை எட்டிய பிறகு அச்சிட்ட உறைக்கு மாறுவது முறையாகும்.

நேர்த்தி எங்கிருந்து வருகிறது?

தொழில்முறைத் தோற்றம் வண்ணங்களின் எண்ணிக்கையால் வருவதன்று. ஒரே சீரான தன்மையும் தூய்மையுமே அதற்கு அடிப்படை. எல்லாப் பொட்டலத்திலும் லேபிள் ஒரே இடத்தில், ஒரே மட்டத்தில் ஒட்டப்பட்டிருந்தால் அலமாரி முழுவதும் ஒழுங்காகத் தோன்றும். எழுத்து வடிவங்கள் இரண்டுக்கு மேல் வேண்டியதில்லை. ஒரு வண்ணத்தில் கடையின் பெயரும், அதே வண்ணத்தில் ஒரு சிறு சின்னமும் போதும். பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள் பையில் ரப்பர் முத்திரையால் பதித்த ஒற்றை வண்ணப் பெயர், பல இடங்களில் விலை உயர்ந்த அச்சைவிட மதிப்பாகத் தோன்றுவதைக் காணலாம்.

அளவுகளைக் குறைத்துக்கொள்வதும் சிக்கனத்துக்கு வழி. பத்து அளவுகளில் பை வைத்திருக்கும் கடையில் வேண்டிய பை தீர்ந்துபோய், வேண்டாத பை தேங்கிக் கிடக்கும். கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என மூன்று அளவுகளில் பெரும்பாலான மளிகைச் சரக்கை அடக்கிவிடலாம். பொருளுக்குப் பொருள் பையை மாற்றாமல் லேபிளின் நிறத்தை மட்டும் மாற்றினால் வேலையாளும் தடுமாறமாட்டார். வாங்குபவரும் எளிதில் இனங்காண்பார்.

மூட்டுவாயைச் சூடாக்கி ஒட்டும் சிறிய கை இயந்திரம் இன்று எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. ரப்பர் வளையத்தையும் நூல் கட்டையும் விட்டு இவ்வியந்திரத்துக்கு மாறிய அளவிலேயே கடையின் தோற்றம் மாறிவிடும். இதிலும் கவனம் தேவை. சூடு குறைந்தால் வாய் பிரிந்துகொள்ளும். மிகுந்தால் படலம் கருகி அறுந்துவிடும். மாவும் தூளும் அடைக்கும்போது வாய்ப் பகுதியில் தூள் படிந்தால் ஒட்டு நிற்காது. ஆகவே புனல் வைத்து நிரப்பி, வாயைத் துடைத்து, மேலே சற்று இடம் விட்டு ஒட்டுதல் வேண்டும். ஒட்டிய பொட்டலங்களில் ஒன்றிரண்டை நீரில் அமிழ்த்தி மெல்ல அழுத்திப் பார்த்தால் குமிழி வருகிறதா இல்லையா என்பதே ஒட்டின் தரத்தைக் காட்டிவிடும்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் வரலாறும் இதையே கூறுகிறது. 1959ஆம் ஆண்டில் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளக் கூட்டமைப்பு இன்று பல்லாயிரம் பெண்களுக்கு வருவாய் தருகிறது. அது வளர்ந்தது ஆடம்பர உறையால் அன்று. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம், அந்தத் தரத்துக்கு அடையாளமாக நின்ற ஒரே பெயர் ஆகியவையே அதற்குக் கைகொடுத்தன. உறை ஒரு வாக்குறுதி. உள்ளிருக்கும் பொருள் அதைக் காப்பாற்ற வேண்டும்.

சட்டம் கேட்பவை

வாடிக்கையாளரின் கண்முன்னே நிறுத்துத் தருவது வேறு. முன்கூட்டியே கட்டி அலமாரியில் வைப்பது வேறு. முன்கூட்டியே கட்டி வைக்கும் கடைக்காரர் சட்டத்தின் பார்வையில் பொட்டலமிடுபவர் ஆகிறார். 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்குப் பதிலாக, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் இயற்றப்பெற்ற 2011ஆம் ஆண்டு விதிகள் இப்போது நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி பொட்டலமிடுபவர் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப் பெயர், நிகர எடை, தேதி பற்றிய குறிப்பு, வரிகள் அனைத்தும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை, குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண் முதலியன உறையின்மீது இருத்தல் வேண்டும். அண்மைக் காலத் திருத்தங்களால் ஓர் அலகுக்குரிய விற்பனை விலையைக் காட்டும் முறையும் சேர்ந்துள்ளது. 400 கிராம் பொட்டலத்தையும் 500 கிராம் பொட்டலத்தையும் ஒப்பிட்டு வாங்க இது நுகர்வோர்க்கு உதவும்.

உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண்ணும், உட்பொருள்களின் பட்டியலும், சைவ உணவுக்குச் சதுரத்துள் பச்சை வட்டமும் வேண்டும். பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும், எந்தத் தேதிக்குள் உண்பது நல்லது என்பதைக் கடையில் காட்ட வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் ஆணையம் கட்டாயமாக்கியது.

இவற்றைச் சுமை என எண்ணுவோர் உளர். ஆனால் இவ்விவரங்கள் அனைத்தும் உள்ளங்கையளவு லேபிள் ஒன்றில் அடங்கிவிடும். அவற்றை முறையாக எழுதிய லேபிளே கடைக்குத் தொழில்முறைத் தோற்றத்தைத் தருகிறது. பெரிய அங்காடியின் உறைக்கும் சிறு கடையின் உறைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த எட்டு வரிகளே. மாறாத விவரங்களை லேபிளில் அச்சிட்டுக்கொண்டு, தேதியையும் விலையையும் மட்டும் கை முத்திரையால் அழியாத மையில் பதித்தால் லேபிள்கள் வீணாகா.

பெட்டியின் எடையை விற்கலாமா?

இந்நாட்டின் இனிப்புக் கடைகளில் நுகர்வோர் நெடுநாளாகக் கூறிவரும் குறை ஒன்று உண்டு. பண்டிகைக் காலத்தில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து இனிப்பை நிறுத்து, முழு எடைக்கும் இனிப்பின் விலையை வாங்குவதே அது. 60 கிராம் எடையுள்ள பெட்டியை, கிலோ 600 ரூபாய் இனிப்போடு நிறுத்தால் வாங்குபவர் அட்டைக்கு மட்டும் 36 ரூபாய் கொடுக்கிறார். பெட்டியின் கொள்முதல் விலை 12 ரூபாய் எனில், மற்றைய 24 ரூபாய் அவருக்குக் கிடைக்காத இனிப்பின் விலை.

நிகர எடை என்பது உறையும் பெட்டியும் நீக்கிய எடையே என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. வெறும் பெட்டியைத் தட்டில் வைத்துத் தராசைச் சுழிக்குக் கொண்டு வந்த பின்னர் இனிப்பை வைப்பதற்கு மின்னணுத் தராசில் ஒரு பொத்தானே போதும். அழகிய பெட்டி வேண்டுவோரிடம் அதன் விலையைத் தனியே சொல்லி வாங்குவதில் தவறில்லை. 24 ரூபாய்க்காக இழக்கும் நம்பிக்கையைத் தங்க முலாம் பூசிய பெட்டியாலும் மீட்க முடியாது. மேலும், இனிப்புப் பெட்டியின்மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். பலர் பழக்கத்தால் அதை இன்னும் கேட்டு வாங்குகின்றனர். பெட்டியைச் சணல் கயிற்றாலோ தாள் நாடாவாலோ கட்டினால் செலவும் குறைவு, தோற்றமும் நன்று.

கைப்பையும் அட்டைப் பெட்டியும்

பொருள் வாங்கியவர் எடுத்துச் செல்லும் கைப்பையைப் பற்றிய விதிகள் கடந்த சில ஆண்டுகளில் கடுமையாகியுள்ளன. பிளாஸ்டிக் கைப்பையின் குறைந்த அளவு கனம் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் உயர்த்தப்பட்டது. துணி போலத் தோன்றும், நெய்யப்படாத பிளாஸ்டிக் பை ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையலாகாது. பல மாநிலங்கள் இதைவிடக் கடுமையான தடைகளை விதித்துள்ளன. சிக்கிம் 1998ஆம் ஆண்டிலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் எந்தக் கனத்திலும் பிளாஸ்டிக் கைப்பைக்கு இடமில்லை. ஆகவே மொத்த வியாபாரி தரும் பையை வாங்குமுன் தம் மாநில விதியை அறிந்துகொள்வது கடைக்காரரின் பொறுப்பு. மக்கும் பை என்று விற்கப்படுவதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று உண்டா என்பதையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

பைக்கு விலை வாங்குவது குறித்தும் தெளிவு தேவை. முன்கூட்டியே அறிவிக்காமல், பணம் செலுத்தும் இடத்தில் திடீரென்று கைப்பைக்கு விலை சேர்ப்பது முறையற்ற வணிகச் செயல் என்று 2020ஆம் ஆண்டில் தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் தீர்ப்பளித்தது. கடையின் நுழைவாயிலில் பையின் விலையை எழுதி வைப்பதும், சொந்தப் பை கொண்டு வருபவரை ஊக்குவிப்பதும் இரு தரப்புக்கும் நல்லது. அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவினர் தைக்கும் துணிப்பையில் கடையின் பெயரைப் பதித்து அடக்க விலைக்கு விற்றால், அப்பை பல மாதங்கள் கடைத்தெருவில் நடந்து விளம்பரம் செய்யும். குழுவினருக்கும் வருவாய் கிட்டும்.

வெளியூருக்குச் சரக்கு அனுப்புவோர், நடுவே நெளிந்த தாள் வைத்து ஒட்டிய அட்டைப் பெட்டிகளை வாங்குகின்றனர். இலேசான பொருளுக்கு மூன்றடுக்கு, கனமான அல்லது உடையக் கூடிய பொருளுக்கு ஐந்தடுக்கு என்பது பொதுவான வழக்கம். அட்டை ஈரம் ஏறினால் வலுவிழக்கும். மழைக்காலத்தில் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குதல் வேண்டும். பெட்டியின் அளவிலும் சிக்கனம் உண்டு. பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, வரும் எண்ணையும் மெய்யான எடையையும் ஒப்பிட்டு, எது மிகுதியோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. இரண்டு கிலோப் பொருளை ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. உள்ள பெட்டியில் அனுப்பினால் 5.4 கிலோவுக்குக் கட்டணம் கட்ட நேரிடும். அதே பொருளை 30, 20, 15 செ.மீ. பெட்டியில் அடக்கினால் கணக்கு எடை 1.8 கிலோவே, மெய்யான இரண்டு கிலோவுக்கு மட்டும் கட்டினால் போதும். உள்ளே இடைவெளியை நிரப்பும் பொருளின் செலவும் மிச்சமாகும்.

சேர்ந்து வாங்குதல்

தனியொரு கடை 1,000 உறை கேட்டால் வியாபாரி சொல்வதே விலை. அதே தெருவில் இருபது கடைகள் ஒரே அளவு, ஒரே கனம் என முடிவு செய்து 20,000 உறைகளைச் சேர்ந்து கேட்டால் விலை இறங்கும். ஒவ்வொரு கடையின் முதலும் முடங்காது. உறை பொதுவாக இருக்க, லேபிள் மட்டும் அவரவர் பெயரில் இருக்கலாம். ஊர் வணிகர் சங்கங்கள் செய்யக் கூடிய எளிய, பயனுள்ள பணிகளில் இது ஒன்று. சங்கத்தின் பெயரால் ஒரு நல்ல ஒட்டு இயந்திரத்தையும் லேபிள் அச்சிடும் கருவியையும் வாங்கிப் பொதுவில் வைத்தால் இன்னும் நன்று.

அறிவுரைக்கும் வழி உண்டு. 1966ஆம் ஆண்டில் மும்பையில் நிறுவப்பெற்ற இந்தியப் பொதிவு நிறுவனம், மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் இயங்கி வருகிறது. தில்லி, கொல்கத்தா, சென்னை, ஐதராபாத் ஆகிய நகரங்களிலும் அதற்கு மையங்கள் உள்ளன. உறைப்பொருள்களைச் சோதித்தறிதலும் பயிற்சியும் அதன் பணிகள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உணவுப் பொதிவைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. தனி மனிதராக அணுகத் தயங்கும் சிறு வணிகர், சங்கத்தின் வாயிலாகவோ மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலாகவோ இவ்வுதவிகளைப் பெறலாம்.

தொடங்குவோர்க்கு ஒரு வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்வது சிறு கடைக்கு ஏற்றதன்று. அதிகம் விற்கும் ஐந்து பொருள்களை முதலில் தேர்ந்துகொள்வது நலம். அவை ஒவ்வொன்றும் எதனால் கெடுகிறது என்று எழுதி, அதற்குரிய உறையின் மாதிரியில் இருபது பொட்டலங்கள் கட்டி, இரண்டு வாரம் அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும். நமத்ததா, மணம் போயிற்றா, ஒட்டு பிரிந்ததா என்பதை அறிந்த பிறகே ஆயிரம் உறை வாங்குவது தக்கது. பிறகு சட்டம் கேட்கும் விவரங்கள் அடங்கிய ஒற்றை வண்ண லேபிள். அதன்பின் ஒட்டு இயந்திரம். அச்சிட்ட உறை கடைசியில் வருவது. மாத முடிவில் கிழிந்தவை, திரும்பி வந்தவை, விற்காமல் கெட்டவை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தால் அடுத்த முறை எந்தப் பை வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

பெரிய அங்காடிக்கு நகரத்தில் விளம்பரம் உண்டு. சிறு கடைக்கு வாடிக்கையாளரின் பெயரும் வீடும் தெரியும். அந்த உறவின்மீது சுத்தமான உறையும் சரியான எடையும் உண்மையான லேபிளும் சேர்ந்தால், அத்தெருவில் உள்ள குடும்பங்கள் வேறிடம் தேடிச் செல்லக் காரணம் குறைவு. அதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டலத்துக்கு இரண்டு ரூபாயைச் சற்றே தாண்டலாம். அந்த இரண்டு ரூபாயைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் வணிகர், சரக்கு வீணாவதில் இழந்துவந்த தொகையைக் கொண்டே அதை ஈடுகட்டிக்கொள்ள முடியும்.